வேகத்தை அளக்கும் கருவிகளும் அவற்றை ஏய்க்கும் முயற்சிகளும்: வாகன ஓட்டிகள் அறிய வேண்டியவை

வாகனத்தின் வேகத்தை அளந்து, வரம்பு மீறியோருக்கு அபராதம் விதிப்பது காவல் துறையின் பணி. ஆயினும் மக்கள் நல்வாழ்வோடு அதற்கு நேரடித் தொடர்பு உண்டு. உலகச் சுகாதார நிறுவனம் 2023-இல் வெளியிட்ட அறிக்கையின்படி, உலகில் ஆண்டுதோறும் ஏறத்தாழ 11.9 லட்சம் பேர் சாலை விபத்துகளில் உயிரிழக்கின்றனர். 5 முதல் 29 வயது வரையிலானோரின் இறப்புக்கு முதன்மைக் காரணம் எந்தத் தொற்றுநோயும் அன்று, சாலை விபத்தே ஆகும்.

இந்தியாவில் 2022-ஆம் ஆண்டில் 1,68,491 பேர் சாலை விபத்துகளில் இறந்ததாக மத்தியச் சாலைப் போக்குவரத்து அமைச்சகம் பதிவு செய்துள்ளது. அவற்றுள் பத்தில் ஏழு இறப்புகளுக்கு அதிவேகமே காரணமாகக் குறிக்கப்பட்டுள்ளது. காவல் பதிவேட்டில் எளிதில் நிரப்பக்கூடிய காரணம் அதிவேகம் என்றும், சாலை அமைப்பின் குறைகள் அதன் பின்னே மறைந்துவிடுகின்றன என்றும் வல்லுநர்கள் சுட்டிக்காட்டுவது உண்டு. அக்கருத்தில் நியாயம் இருக்கிறது. எனினும் மோதல் எதனால் நேர்ந்திருந்தாலும், அதில் சிக்கியவர் பிழைப்பாரா என்பதைப் பெரிதும் தீர்மானிப்பது அந்தக் கணத்தின் வேகமே.

வேகத்தை அளக்கும் கருவிகள் எவ்வாறு இயங்குகின்றன, அவற்றிலிருந்து தப்ப ஓட்டுநர்கள் என்னென்ன செய்கின்றனர், அம்முயற்சிகள் எவ்வளவு பயன் தருகின்றன, வரும் ஆண்டுகளில் எவை மாறவிருக்கின்றன என்பவற்றை இப்பக்கம் விளக்குகிறது.

வேகம் உடலுக்கு என்ன செய்கிறது?

ஓடும் வாகனத்தின் இயக்க ஆற்றல், வேகத்தின் இருமடிக்கு ஏற்ப உயர்கிறது. மணிக்கு 40 கி.மீ. வேகத்தில் செல்லும் வாகனம் 60 கி.மீ. வேகத்தை எட்டும்போது, வேகம் ஒன்றரை மடங்கு ஆகிறது. ஆனால் மோதலில் உடல் தாங்க வேண்டிய ஆற்றல் இரண்டே கால் மடங்கு ஆகிறது. எலும்பும் மூளையும் இரத்தக் குழாய்களும் தாங்கக்கூடிய அளவுக்கு ஓர் எல்லை உண்டு. வாகனம் நின்ற பின்னும் உள்ளுறுப்புகள் முன்னோக்கிச் சென்றுகொண்டே இருப்பதால், வெளியே காயம் தெரியாத நிலையிலும் மூளை மண்டையோட்டின் உட்புறத்தில் மோதிக் கசிவு ஏற்படலாம். இதயத்திலிருந்து வரும் பெருந்தமனி கிழியலாம்.

ஓர் எளிய கணக்கைப் பாருங்கள். இரண்டு கார்கள் அருகருகே செல்கின்றன. ஒன்றின் வேகம் 50 கி.மீ., மற்றொன்றின் வேகம் 60 கி.மீ. திடீரென ஒரு குழந்தை சாலையில் ஓடி வருகிறது. இரு ஓட்டுநர்களும் ஒரு நொடியில் சுதாரித்து, ஒரே அழுத்தத்தில் பிரேக்கை மிதிக்கின்றனர். உலர்ந்த, நல்ல சாலையில் முதல் கார் ஏறத்தாழ 28 மீட்டரில் நின்றுவிடும். அது நிற்கும் அதே இடத்தை இரண்டாவது கார் கடக்கும்போது, அதன் வேகம் இன்னும் 40 கி.மீ. அளவில் இருக்கும். பத்து கி.மீ. வேறுபாடு என்று ஓட்டுநர் எண்ணுவது, குழந்தையைப் பொறுத்தவரை நின்றுவிட்ட காருக்கும் 40 கி.மீ. வேகத்தில் வந்து மோதும் காருக்கும் இடையிலான வேறுபாடு.

சராசரி வேகம் ஒரு விழுக்காடு உயர்ந்தால், உயிரிழப்பில் முடியும் விபத்துக்கான வாய்ப்பு நான்கு விழுக்காடு உயர்கிறது என்று உலகச் சுகாதார நிறுவனம் கணக்கிட்டுள்ளது. காரின் முன்பகுதியால் மோதப்படும் பாதசாரி இறக்கும் வாய்ப்பு, 50 கி.மீ. வேகத்தைவிட 65 கி.மீ. வேகத்தில் நான்கரை மடங்கு அதிகம். நம் நாட்டில் இக்கணக்கின் சுமை யார்மீது விழுகிறது என்பதையும் கருத வேண்டும். 2022-இல் இறந்தவர்களில் 44.5 விழுக்காட்டினர் இருசக்கர வாகனத்தில் சென்றவர்கள், 19.5 விழுக்காட்டினர் நடந்து சென்றவர்கள். உலோகக் கூடும் காற்றுப்பையும் இவர்களுக்கு இல்லை.

வேகம் எவ்வாறு அளக்கப்படுகிறது?

முதலில் வந்தது ரேடார். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் வளர்ந்த இத்தொழில்நுட்பம், 1940-களின் இறுதியில் அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் சாலைக்கு வந்தது. கருவி ஒரு நுண்ணலையை அனுப்புகிறது. அது ஓடும் வாகனத்தில் பட்டுத் திரும்பும்போது அதன் அதிர்வெண் சிறிது மாறுகிறது. இதுவே டாப்ளர் விளைவு. நம்மை நோக்கி வரும் ரயிலின் ஊதல் ஒலி கூர்மையாகவும், கடந்து சென்றபின் தணிந்தும் கேட்பதற்குக் காரணமும் இதுவே. 24.15 ஜிகாஹெர்ட்ஸ் அலையில் இயங்கும் ரேடாரை நோக்கி ஒரு கார் 100 கி.மீ. வேகத்தில் வந்தால், திரும்பும் அலையின் அதிர்வெண் ஏறத்தாழ 4,470 ஹெர்ட்ஸ் கூடுகிறது. அந்த வேறுபாட்டிலிருந்தே கருவி வேகத்தைக் கணக்கிடுகிறது.

ரேடாரின் குறை, அதன் கதிர் விரிந்து செல்வது. 12 பாகை விரிவுடைய கதிர் 300 மீட்டர் தொலைவில் 60 மீட்டருக்கும் மேல் அகன்றுவிடும். நெரிசலான சாலையில் எந்த வாகனத்தின் வேகம் பதிவாயிற்று என்ற ஐயம் எழுவது இதனால்தான்.

அடுத்து வந்த லேசர் கருவி அக்குறையைப் பெரிதும் நீக்கியது. நம் ஊர்ச் சாலைகளில் காவலர் கையில் காணப்படும் ஸ்பீடு கன் பலவும் இவ்வகையைச் சேர்ந்தவை. கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளித் துடிப்புகளைக் கருவி அடுத்தடுத்து அனுப்புகிறது. ஒவ்வொன்றும் சென்று திரும்பும் நேரத்தை அளந்து தொலைவைக் கணக்கிடுகிறது. தொலைவு எவ்வளவு விரைவாகக் குறைகிறது என்பதிலிருந்து வேகத்தை அறிகிறது. ஒளி ஒரு நானோ நொடியில் 30 சென்டிமீட்டர் செல்லும் என்பதால், கருவியின் கடிகாரம் மிக நுட்பமாக இருக்க வேண்டும். அளவீடு அரை நொடிக்குள் முடிந்துவிடும். 300 மீட்டர் தொலைவிலும் கதிரின் அகலம் ஏறத்தாழ ஒரு மீட்டர்தான். எனவே கூட்டத்தில் ஒரே ஒரு வாகனத்தைக் குறி வைக்க இயலும்.

நிலையான கேமராக்களின் வரலாற்றில் ஒரு சுவையான செய்தி உண்டு. இவ்வகைக் கருவிகளுக்குப் பெயர் பெற்ற காட்சோ நிறுவனத்தைத் தொடங்கிய மவுரிட்ஸ் காட்சோனிடஸ், நெதர்லாந்தைச் சேர்ந்த பந்தய ஓட்டுநர். 1953-ஆம் ஆண்டு மான்டே கார்லோ பந்தயத்தில் வென்றவர். வளைவுகளில் தம் வேகத்தை அளந்து, இன்னும் விரைவாக ஓட்டும் வழியைக் கண்டறியவே அவர் அக்கருவியை உருவாக்கினார். விரைவதற்காகச் செய்யப்பட்டது, பிறகு விரைவோரைப் பிடிக்கப் பயன்பட்டது.

இன்று மிகுந்த பயன் தருவது சராசரி வேக முறை ஆகும். சாலையின் ஒரு முனையில் உள்ள கேமரா வாகனத்தின் எண் பலகையைப் படித்து நேரத்தைக் குறித்துக்கொள்கிறது. பல கி.மீ. தள்ளியுள்ள மற்றொரு கேமரா அதே எண்ணை மீண்டும் படிக்கிறது. தொலைவை நேரத்தால் வகுத்தால் சராசரி வேகம் கிடைக்கும். ஆஸ்திரியாவின் வியன்னாவில் ஒரு சுரங்கச் சாலையிலும், இத்தாலியின் விரைவுச் சாலைகளிலும், ஸ்காட்லாந்தின் ஏ9 நெடுஞ்சாலையிலும் இம்முறை நடைமுறையில் உள்ளது. மும்பை–புனே விரைவுச் சாலையிலும் 2024 முதல் இவ்வகைக் கண்காணிப்பு இயங்குகிறது.

ஏய்க்கும் முயற்சிகள்: எவை, எவ்வளவு பயன்?

கண்காணிப்பு தொடங்கிய நாளிலிருந்தே அதிலிருந்து தப்பும் முயற்சியும் தொடங்கிவிட்டது. அமெரிக்காவில் 1974-இல் நாடு முழுவதற்கும் மணிக்கு 55 மைல், அதாவது ஏறத்தாழ 88 கி.மீ. என்று வேக வரம்பு விதிக்கப்பட்டபோது, லாரி ஓட்டுநர்கள் தம் வானொலிப் பெட்டிகள் வழியாகக் காவலர் நிற்கும் இடத்தை ஒருவருக்கொருவர் அறிவித்தனர். நம் நெடுஞ்சாலைகளில் எதிரே வருவோருக்கு முகப்பு விளக்கை இருமுறை மின்னச் செய்து ‘சோதனை இருக்கிறது’ என்று உணர்த்துவதும் அதே வழக்கத்தின் மற்றொரு வடிவமே. உதவி என்று எண்ணிச் செய்யப்படும் இச்செயல், எதிரே வருபவர் மது அருந்தியிருந்தாலும் அவருக்கும் சேர்த்தே எச்சரிக்கை தருகிறது.

ரேடார் கண்டறியும் கருவி இதே நோக்கத்துடன் விற்பனைக்கு வந்தது. காவல் ரேடாரின் அலையை இது தொலைவிலேயே உணர்ந்து ஒலி எழுப்பும். அலை எப்போதும் வீசிக்கொண்டிருந்த காலத்தில் இது பயன் தந்தது. பின்னர், வாகனம் அருகில் வந்தபின் மட்டும் ஒரு கணம் அலையை வீசும் கருவிகள் வந்தன. லேசர் வந்தபின் நிலை மேலும் மாறியது. மெல்லிய கதிர் உங்கள் வாகனத்தின்மீது பட்டபின்தான் எச்சரிக்கை ஒலிக்கும். அதற்குள் உங்கள் வேகம் பதிவாகியிருக்கும். மேலும், இன்றைய கார்களில் பக்கவாட்டு வாகனங்களை உணரும் ரேடார்களும், கடை வாயிலில் தானாகத் திறக்கும் கதவுகளும் அதே அலைவரிசையைப் பயன்படுத்துவதால், கண்டறியும் கருவி தேவையின்றி ஓயாது ஒலிக்கிறது. ஓயாது ஒலிக்கும் எச்சரிக்கையை எவரும் பொருட்படுத்துவதில்லை.

இக்கருவியைக் கண்டறியும் கருவியும் உண்டு. ரேடார் கண்டறியும் கருவியின் உள்ளே இயங்கும் அலையாக்கியிலிருந்து மிகச் சிறிய அளவில் அலை வெளியே கசிகிறது. அக்கசிவைக் கொண்டு, கருவியை மறைத்து வைத்திருக்கும் வாகனத்தைக் காவலர் அடையாளம் காண்கின்றனர். அமெரிக்காவில் பெரும்பாலான மாநிலங்கள் சொந்தக் கார்களில் இக்கருவியை அனுமதிக்கின்றன. வர்ஜீனியா மாநிலமும் தலைநகர் வாஷிங்டனும் தடை செய்கின்றன. பிரான்சில் ரேடார் கண்டறியும் கருவிக்குத் தடை உண்டு.

அலையைக் குழப்பும் ஜாமர் கருவிகள் இன்னும் ஒரு படி மேலே செல்பவை. சட்டம் இவற்றை வேறு கண்ணோடு பார்க்கிறது. கண்டறியும் கருவி கேட்கிறது, ஜாமர் குறுக்கிடுகிறது. பிரிட்டனில் லேசர் ஜாமர் பயன்படுத்தியோர், நீதியின் போக்கைக் கெடுத்த குற்றத்திற்காகத் தண்டிக்கப்பட்டுள்ளனர். அதாவது அபராதத்தோடு முடிந்திருக்க வேண்டியது சிறை வரை சென்றுள்ளது. இந்தியாவில் அரசு குறிப்பாக அனுமதித்தாலன்றி, அலைபேசி, ஜி.பி.எஸ். உள்ளிட்ட எவ்வகை அலையையும் தடுக்கும் ஜாமர்களைப் பயன்படுத்துவது சட்டவிரோதம் என்று தொலைத்தொடர்புத் துறை 2022 ஜனவரியில் அறிவுறுத்தியது. உங்கள் காரில் உள்ள ஜி.பி.எஸ். தடுப்பான், அருகில் செல்லும் ஆம்புலன்சின் வழிகாட்டியையும் சேர்த்துச் செயலிழக்கச் செய்யக்கூடும் என்பதை எண்ணிப் பாருங்கள்.

நம் நாட்டில் பெரிதும் காணப்படுவது இவ்வளவு நுட்பமான முயற்சி அன்று. எண் பலகையை மேல்நோக்கி வளைப்பது, ஓர் எண்ணின்மீது ஒட்டுத்தாள் ஒட்டுவது, சேறு பூசுவது, துணியைத் தொங்கவிடுவது, அலங்கார எழுத்தில் எழுதுவது ஆகியனவே இங்குப் பரவலாக உள்ளன. 2019 ஏப்ரல் முதல் புதிய வாகனங்களுக்கு உயர் பாதுகாப்பு எண் பலகை கட்டாயமாக்கப்பட்டதற்கு இதுவும் ஒரு காரணம். இவற்றைவிடக் கொடியது, வேறொருவரின் எண்ணைத் தன் வாகனத்தில் பொருத்துவது. அவ்வாறு செய்பவரின் குற்றத்திற்கான அறிவிப்பு, வீட்டில் இருந்த மற்றொருவருக்குச் செல்கிறது. விபத்து ஏற்படுத்திவிட்டுத் தப்பினாலும் காவலர் முதலில் தேடி வருவது அவரையே.

கேமரா இருக்கும் இடத்தைத் தெரிவிக்கும் அலைபேசிச் செயலிகளை இவற்றோடு ஒரே தட்டில் வைக்க இயலாது. வேஸ், கூகுள் மேப்ஸ் போன்றவை இவ்வசதியை வெளிப்படையாகவே தருகின்றன. கேமரா இருப்பதை அறிந்து ஓட்டுநர் வேகத்தைக் குறைத்தால், அந்த இடத்தைப் பொறுத்தவரை நோக்கம் நிறைவேறிவிட்டது என்றே பல நாடுகள் கருதுகின்றன. இந்திய விதியும் கேமராவுக்கு முன் எச்சரிக்கைப் பலகை வைக்க வேண்டும் என்றே கூறுகிறது. சிக்கல் கேமராவைக் கடந்தபின் எழுகிறது. முன்னே திடீரெனப் பிரேக் மிதித்து, பின்னே மீண்டும் முடுக்கும் இப்பழக்கத்தை வல்லுநர்கள் கங்காரு விளைவு என்கின்றனர். பின்னால் வரும் இருசக்கர வாகன ஓட்டிக்கு இது புதிய ஆபத்தை உண்டாக்குகிறது. சராசரி வேக முறையில் இவ்வித்தைக்கு இடமில்லை. இரு முனைகளுக்கு இடையே முழுத் தொலைவும் அளக்கப்படுகிறது.

கருவியையே உடைப்பதும் நடந்துள்ளது. பிரான்சில் 2018 இறுதியில் எழுந்த மஞ்சள் அங்கி போராட்டத்தின்போது, நாட்டின் நிலையான வேகக் கேமராக்களில் ஏறத்தாழ 60 விழுக்காடு சேதப்படுத்தப்பட்டதாக அந்நாட்டு உள்துறை அமைச்சர் அறிவித்தார். மக்களுக்குக் கேமரா வருமானம் ஈட்டும் பெட்டியாக மட்டும் தோன்றினால் என்ன நேரும் என்பதற்கு இது சான்று. ஆனால் அதே பிரான்சின் மற்றொரு கணக்கும் உண்டு. தானியங்கிக் கேமராக்கள் 2003-இல் அறிமுகமாயின. அதற்கு முந்தைய ஆண்டில் 7,000-க்கும் மேல் இருந்த சாலை இறப்பு, 2010-இல் 4,000-க்குக் கீழ் வந்தது. மது, இருக்கைப் பட்டை தொடர்பான கெடுபிடிகளும் அதே காலத்தில் கூடியதால் முழுப் பெருமையும் கேமராவைச் சேராது, பங்கு உண்டு.

மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு, 2010-இல் 35 ஆய்வுகளை ஆராய்ந்தது. கேமரா உள்ள இடங்களின் அருகே, உயிரிழப்போ கடுங்காயமோ ஏற்படுத்தும் விபத்துகள் 11 முதல் 44 விழுக்காடு வரை குறைந்திருந்ததாக அது தெரிவித்தது. அவ்வாய்வுகளின் தரம் சீராக இல்லை என்பதையும் அத்தொகுப்பே குறிப்பிடுகிறது. ஆயினும் பலன் எத்திசையில் என்பதில் அவை வேறுபடவில்லை. பிரிட்டனில் நிலையான சராசரி வேகக் கேமராக்களை ஆராய்ந்து 2016-இல் வெளிவந்த அறிக்கையில், கடும் விபத்துகள் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் குறைந்திருந்தன.

கருவி தவறு செய்யுமா?

செய்யும். 1979-இல் அமெரிக்காவின் மயாமி நகரில், ஒரு தொலைக்காட்சி நிலையம் ரேடார் கருவியைச் சோதித்தபோது, நின்ற இடத்தில் நின்ற மரம் மணிக்கு 86 மைல் வேகத்திலும், ஒரு வீடு 28 மைல் வேகத்திலும் செல்வதாகக் கருவி காட்டியது. அதையடுத்து நடந்த வழக்கில் ரேடார் சான்றை நீதிமன்றம் ஏற்க மறுத்தது. கருவிகளுக்குத் தர அளவீடும், இயக்குவோருக்குப் பயிற்சியும் கட்டாயம் என்ற எண்ணம் அங்கு வலுப்பெற இவ்வழக்கும் ஒரு காரணமாயிற்று.

எல்லாப் பிழையும் ஓட்டுநருக்கு எதிரானது அன்று. சாலையோரத்தில் நிற்கும் காவலர் வாகனத்தை நேர் எதிரே நின்று பார்ப்பதில்லை. சிறிது கோணத்தில் பார்க்கிறார். அக்கோணத்தால், ஒரே இடத்தில் நின்று அளக்கும் ரேடாரும் லேசரும் உண்மை வேகத்தைவிடச் சற்றுக் குறைவாகவே காட்டும். மாறாக, ‘என் வாகனத்தின் மீட்டர் குறைவாகத்தானே காட்டியது’ என்ற வாதம் பெரும்பாலும் நிற்காது. ஐக்கிய நாடுகளின் 39-ஆம் வாகன ஒழுங்குமுறைப்படி, மீட்டர் உண்மை வேகத்தைவிடக் குறைவாகக் காட்டக் கூடாது, அதிகமாகக் காட்டலாம். நிறுவனம் பொருத்தியதைவிடப் பெரிய சக்கரத்தை நீங்களே மாற்றிக்கொண்டிருந்தால் இக்கணக்கு பிசகிவிடும்.

எண் பலகையைப் படிக்கும் மென்பொருளும் பிழை செய்கிறது. மங்கிய எழுத்தில் 8-ஐ 3 என்றும், 0-வை 8 என்றும் அது கொள்ளக்கூடும். ஆகவே மனிதக் கண் சரிபார்க்காமல் அபராதம் அனுப்பும் முறை எங்கும் ஏற்கத்தக்கதன்று.

இனி வரவிருப்பவை

ஒரே ரேடார் பல வழித்தடங்களில் செல்லும் பல வாகனங்களைத் தனித்தனியே பின்தொடரும் நிலை ஏற்கெனவே வந்துவிட்டது. அதே கேமரா, ஓட்டுநர் அலைபேசியைக் கையில் வைத்திருப்பதையும், இருக்கைப் பட்டை அணியாததையும் கண்டறிகிறது. ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலம் 2020 மார்ச் முதல் அலைபேசிப் பயன்பாட்டைக் கண்டறியும் கேமராக்கள் வழியே தண்டம் விதித்து வருகிறது. கேரளத்தில் 2023 ஜூனில் 726 கேமராக்களுடன் தொடங்கிய திட்டத்திலும் தலைக்கவசம், இருக்கைப் பட்டை ஆகியவையே பெரிதும் கண்காணிக்கப்படுகின்றன.

இதைவிடப் பெரிய மாற்றம், கண்காணிப்பு சாலையோரத்திலிருந்து வாகனத்தின் உள்ளேயே செல்வதாகும். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2024 ஜூலை முதல் பதிவாகும் ஒவ்வொரு புதிய காரிலும் அறிவார்ந்த வேக உதவி அமைப்பு இருக்க வேண்டும். இது சாலைப் பலகையையும் வரைபடத்தையும் பார்த்து வரம்பை அறிந்து, மீறும்போது ஓட்டுநரை எச்சரிக்கிறது. அல்லது மிதியை மெல்ல எதிர்த்துத் தள்ளுகிறது. ஓட்டுநர் விரும்பினால் அதை மீறிச் செல்லலாம். அமெரிக்காவில் வாஷிங்டன் நகரமும் வர்ஜீனியா மாநிலமும் மேலும் ஒரு படி சென்று, மீண்டும் மீண்டும் கடுமையாக வேக வரம்பை மீறுவோரின் வாகனத்தில் வேகத்தை மட்டுப்படுத்தும் கருவியைப் பொருத்த ஆணையிட வழிசெய்யும் சட்டங்களை இயற்றியுள்ளன. உரிமத்தைப் பறித்தாலும் ஓட்டுபவர் ஓட்டிக்கொண்டுதான் இருக்கிறார் என்ற பட்டறிவே இதற்குக் காரணம்.

இந்தியாவில் 2019 ஜூலை முதல் விற்கப்படும் புதிய கார்களில், 80 கி.மீ. வேகத்தைத் தாண்டினால் விட்டுவிட்டும், 120-ஐத் தாண்டினால் தொடர்ந்தும் ஒலிக்கும் எச்சரிக்கை கட்டாயம். ஊருக்குள் 30 கி.மீ. வரம்புள்ள பள்ளித் தெருவில் இவ்வொலி எந்த உதவியும் செய்யாது என்பது இதன் பெருங்குறை. வணிக வாகனங்களுக்கு வேகக் கட்டுப்பாட்டுக் கருவி விதிக்கப்பட்டுள்ளது. பள்ளிப் பேருந்து, டேங்கர் லாரி போன்றவற்றுக்கு 60 கி.மீ. வரம்பு. தகுதிச் சான்று பெறும் நாளில் இணைத்து, மறுநாள் துண்டிக்கும் வழக்கத்தைப் பற்றி வாகனத் தொழிலில் உள்ளோர் அறிவர். உங்கள் பிள்ளை செல்லும் பேருந்தில் அக்கருவி இயங்குகிறதா என்று பள்ளியிடம் கேட்க உங்களுக்கு முழு உரிமை உண்டு.

வாகனமே தன் வேகத்தைப் பதிவு செய்யும் காலத்தில், ஏய்க்கும் முயற்சியும் மென்பொருளைத் திருத்துவது, இருப்பிடத் தகவலைப் பொய்யாக்குவது என்று மாறும். அதற்கு இணையாக மற்றொரு கேள்வியும் வளரும். விதி மீறாத பல்லாயிரம் பேரின் எண்களையும் நேரங்களையும் சராசரி வேக முறை படிக்கிறது. யார் எப்போது எங்கே சென்றார் என்ற அத்தகவல் எத்தனை நாள் வைக்கப்படும், யார் கைக்குச் செல்லும் என்பது வெளிப்படையாக வரையறுக்கப்படாவிட்டால், மக்களின் நம்பிக்கையைப் பெற இயலாது. பாதுகாப்பின் பெயரால் இக்கேள்வியை ஒதுக்கிவிடுவது சரியன்று.

உங்களுக்கு அபராத அறிவிப்பு வந்தால்

2019-இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 183-ஆம் பிரிவு, கார் போன்ற இலகு வாகனங்களின் அதிவேகத்திற்கு 1,000 முதல் 2,000 ரூபாய் வரையிலும், நடுத்தர, கனரக வாகனங்களுக்கு 2,000 முதல் 4,000 ரூபாய் வரையிலும் அபராதம் குறிப்பிடுகிறது. மின்னணுக் கண்காணிப்புக்கான 167அ விதி 2021 ஆகஸ்டில் சேர்க்கப்பட்டது. அதன்படி கருவிக்கு மாநில அரசு நியமித்த அதிகாரியின் ஒப்புதல் சான்று வேண்டும். அது ஆண்டுதோறும் புதுப்பிக்கப்பட வேண்டும். அறிவிப்பில் எண் பலகை தெரியும் படம், கருவி அளந்த வேகம், நாள், நேரம், இடம், மீறப்பட்ட சட்டப் பிரிவு ஆகியவை இடம்பெற வேண்டும். இவற்றுள் ஏதேனும் இல்லை எனில், அல்லது படத்தில் இருப்பது உங்கள் வாகனம் அன்று எனில், நீங்கள் மறுப்புத் தெரிவிக்கலாம்.

அறிவிப்பு உண்மையானதா என்பதை அரசின் பரிவாகன் இணையதளத்தில் வாகன எண்ணை உள்ளிட்டுச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். வாட்ஸ்அப்பில் வரும் ‘சலான்’ கோப்பைத் திறக்க வேண்டாம். வங்கிக் கணக்கைக் குறிவைக்கும் போலிச் செயலிகள் அவ்வாறு பரப்பப்படுகின்றன. உங்கள் எண்ணை வேறொரு வாகனம் பயன்படுத்துவதாகத் தெரிந்தால், அபராதத்தைக் கட்டிவிட்டு ஒதுங்கிவிடாமல், காவல் நிலையத்தில் எழுத்து வடிவில் புகார் அளித்து ஒப்புகைச் சீட்டைப் பெற்றுக்கொள்ளுங்கள்.

விபத்து நேர்ந்துவிட்டால்

108 எண்ணை அழையுங்கள். அதிவேக மோதலில் சிக்கியவர் எழுந்து நடந்தாலும், பேசினாலும், காயம் இல்லை என்று கொள்ள வேண்டாம். தலைவலி கூடிக்கொண்டே போதல், வாந்தி, உறக்கக் கலக்கம், பேச்சுக் குழறல், ஒரு கண்மணி மட்டும் பெரிதாகத் தெரிதல், நெஞ்சு அல்லது வயிற்று வலி, மூச்சுத் திணறல் ஆகியவற்றுள் ஏதேனும் தோன்றினால் உடனடியாக அவசர சிகிச்சைப் பிரிவுக்குக் கொண்டு செல்ல வேண்டும். இவை சில மணி நேரம் கழித்தும் தோன்றலாம். கழுத்து அல்லது முதுகில் அடிபட்டிருக்கும் என்று ஐயம் இருந்தால், தீ போன்ற உடனடி ஆபத்து இருந்தாலன்றி அவரைத் தூக்கவோ உட்கார வைக்கவோ வேண்டாம். தலைக்கவசத்தை இழுத்துக் கழற்றாதீர்கள். மூச்சு தடைபட்டால் மட்டும், ஒருவர் கழுத்தை அசையாது பிடித்துக்கொள்ள மற்றொருவர் மெல்லக் கழற்றலாம்.

தமிழ்நாட்டில் 2021 டிசம்பரில் தொடங்கப்பட்ட ‘இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48’ திட்டத்தின் கீழ், மாநில எல்லைக்குள் விபத்துக்குள்ளானவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சை, பட்டியலிடப்பட்ட அரசு, தனியார் மருத்துவமனைகளில் கட்டணமின்றி அளிக்கப்படுகிறது. அவர் எந்த மாநிலத்தவராகவும், எந்த நாட்டவராகவும் இருக்கலாம். காப்பீட்டு அட்டை தேவையில்லை. மருத்துவமனைக்குக் கொண்டு சேர்ப்பவர் தம் பெயரையோ முகவரியையோ கூறுமாறு கட்டாயப்படுத்தப்பட மாட்டார். மோட்டார் வாகனச் சட்டத்தின் 134அ பிரிவு அவருக்கு அப்பாதுகாப்பை அளிக்கிறது.